கொசுப் பொறிகளுக்குப் பெயர்: ‘விளக்குப் பொறி’ வேண்டாம்

வணக்கம்.

ஆய்வுக்காகக் கொசு பிடிக்கும் கருவிகளுக்கும் முறைகளுக்கும் தமிழ்ப் பெயர் தேடிவருகிறோம். வீட்டுக்குள் தொங்கவிடும் ‘லைட் டிராப்’ கருவிக்கு ‘விளக்குப் பொறி’ போதும் என்று தஞ்சாவூர் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. டெல்டாவில் அந்தச் சொல் ஏற்கெனவே வயலுக்குச் சொந்தமாகிவிட்டது. நெற்பயிரைத் தாக்கும் தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சி வந்து விழட்டும் என்று வரப்போரம் பல்பு தொங்கவிட்டு, அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு வைக்கிறோமே, அதுதான் இங்கே விளக்குப் பொறி. வீட்டுக் கருவியின் வேலை வேறு. கொசுவலைக்குள் படுத்திருப்பவரின் மூச்சும் உடல் வாடையும் கொசுவைக் கட்டில்வரை வரவழைக்கின்றன. சிறு பல்பு பக்கத்தில் இழுக்கிறது. மின்விசிறி பைக்குள் தள்ளுகிறது. ரத்தம் தேடி வரும் கொசுதான் சிக்குகிறது. எனவே ‘பசிக்கொசுப் பொறி’ என்கிறேன்.

கருவியின் உறுப்பைவிட, சிக்கும் கொசுவின் நிலையை வைத்தே பெயரிட வேண்டும். வைக்கோல் ஊறி நாறும் தண்ணீரை வைத்துப் பிடிப்பது முட்டையிட வரும் கொசுவை. ‘கர்ப்பக் கொசு’ என்ற பரிந்துரையைவிட ‘சூல்கொசுப் பொறி’ நன்று; நெல் சூல் கட்டியதா என்று கேட்டுக்கொள்ளும் ஊர்களில் விளக்கமே தேவைப்படாது.

இந்த வேறுபாடு பெயரளவில் நிற்பதில்லை. கும்பகோணத்தில் யானைக்கால் நோயைக் கண்காணிப்பவர் நூறு பசிக்கொசுவைச் சோதித்தால், அவற்றில் பல இன்னும் ஒருமுறைகூட ரத்தம் குடித்திராத இளங்கொசுக்களாக இருக்கும். சூல்கொசுவோ ஒருமுறையாவது குடித்தது. ஆகவே நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி அதில் அகப்படும் வாய்ப்பு கூடுதல். இரண்டு எண்ணிக்கையையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டால் கணக்கே கெட்டுவிடும்.

வீட்டுக்குள் ஓய்ந்திருக்கும் கொசுவை வீழ்த்த அதிகாலையில் பைரித்ரம் என்ற பூச்சிமருந்தைத் தெளிப்பதை ‘ஓய்வுக்கொசுப் பிடிப்பு’ எனலாம். கருவி காத்திருந்தால் பொறி, ஆளே பிடித்தால் பிடிப்பு. சோற்றுப் பானை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவு சன்னலைச் சாத்தி, சுவரோடு சுவராக வெள்ளைத் துணி விரித்துத் தெளிக்கிறார்கள். சற்று நேரம் கழித்துத் துணியின் நான்கு மூலையையும் கூட்டி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றைப் பார்க்கிறார்கள்: ஒட்டியது, சிவந்தது, பாதி வெளுத்தது, சூல் முற்றியது. கொடிக்கயிற்றுத் துணியிலும் கட்டிலடியிலும் ஒண்டியிருக்கும் யானைக்கால் கொசுவுக்கு இது நல்ல முறை. மூளைக்காய்ச்சல் பரப்பும் வயல்கொசு பெரும்பாலும் மாட்டைக் கடித்துவிட்டு வெளியிலேயே தங்குவதால், சம்பா வயல் சூழ்ந்த வீட்டில்கூடத் துணியில் அதிகம் விழாது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. பசிக்கொசுப் பொறியில் இரவெல்லாம் பல்பு எரித்து அதை எதிர்பார்க்க முடியாது.

‘மனித இரைப் பிடிப்பு’ என்ற சொல்லைக் கைவிடும்படி வேண்டுகிறேன். காலைத் திறந்துவைத்து உட்கார்ந்து, வந்தமரும் கொசுவைக் குழலால் பிடிப்பவர் நம்மைப் போன்ற ஒருவர். அவரை இரை என்று எழுதக் கூடாது. ‘மேலமர்வுப் பிடிப்பு’ சரியாக வரும்.

சன்னலில் கட்டி, வீட்டைவிட்டு வெளியேறும் கொசுவைப் பிடிக்கும் கூண்டுப் பொறிதான் மீதி. ‘வெளியேறுகொசுப் பொறி’ நாக்கில் புரள மறுக்கிறது. இதைவிடச் சின்னச் சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.