சின்னமுத்து ஊசி பிந்தினால் ஊருக்கு என்ன: வன்னிப் பகிர்வுகள்

ஒட்டுசுட்டானிலிருந்து:
"இந்த மாசம் தவறினால் அடுத்த மாசம் போடலாம்தானே" எண்டு தாய்மார் கேக்கிறது வழமை. கணக்கைப் பாருங்கோ. 9 மாசத்தில போடுற எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து எண்ட தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா மூண்டுக்கும் சேர்த்துப் போடுறது) 100 பிள்ளையளில ஏறக்குறைய 85 பேருக்குத்தான் சின்னமுத்துக்கு எதிர்ப்புச் சக்தி குடுக்கும். அதாலதான் 3 வயசில இரண்டாவது. 100 பேரில 90 பேர் முதல் ஊசியை மட்டும் போட்டிருந்தால், உண்மையில பாதுகாப்பு 76, 77 பேருக்குத்தான். சின்னமுத்து பரவாமல் நிக்க 95 பேர் வேணும். மாவட்டக் கணக்கு நல்லாயிருக்கலாம். ஆனால் குளத்துக்கு அங்கால 20 வீட்டில 6 பிள்ளையள் விடுபட்டிருந்தால் நோய் அங்கதான் பத்தும். 9 மாசம் ஆகாத கைக்குழந்தைக்குச் சுத்தியிருக்கிற பிள்ளையள்தான் வேலி. 2019இல சின்னமுத்தை ஒழிச்ச நாடு எண்டு இலங்கைக்கு அங்கீகாரம் கிடைச்சது. 2023இல திரும்ப வந்திட்டுது.

துணுக்காயிலிருந்து:
காலபோக அறுவடை நேரம்தான் கூடத் தவறுது. தாய்வீட்டுக்குப் போனாலும் பிள்ளையின்ர ஊசி விவரம் எழுதின கொப்பியைக் கொண்டுபோங்கோ, அங்கத்தைக் கிளினிக்கிலயே போடலாம். 2, 4, 6 மாச ஊசியில ஒண்டு பிந்தினால் முதல்ல இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில தொடரலாம். தடிமன், லேசான இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போடாதேங்கோ. கடுமையான காய்ச்சலெண்டால் மட்டும் முதல்ல வைத்தியரிட்டக் காட்டுங்கோ.

விசுவமடுவிலிருந்து:
மேல சொன்னதுகளோட, ஊசி கெடுறதையும் எழுத வேணும். 2 தொடக்கம் 8 பாகை செல்சியஸ்தான் அளவு. எல்லாரும் சூட்டுக்குத்தான் பயப்பிடுறது. ஐந்து நோய்க்கான பென்டா ஊசிக்குப் பெரிய எதிரி உறையிற குளிர். உறைஞ்சால் மருந்து திரிஞ்சு பலன் போயிடும், பிறகு இளக்கினாலும் சரிவராது. ஊசி கொண்டுபோற பெட்டியில வைக்கிற ஐஸ் பக்கை குளிரூட்டியால எடுத்த உடன வைக்கக்கூடாது. குலுக்கேக்க உள்ளுக்குத் தண்ணி அசையிற சத்தம் கேக்க வேணும். எம்.எம்.ஆர். வேற மாதிரி: தூள் மருந்தைக் கலக்கின பிறகு 6 மணித்தியாலம்தான், மிச்சத்தை எறிய வேணும். அதாலதான் தூரத்துக் கிளினிக்குக்கு பிள்ளையள் குறிச்ச நாளில வரவேணுமெண்டு மருத்துவமாது அந்தளவு கேக்கிறவ.

மாங்குளத்திலிருந்து:
போட்டபிறகு 20 நிமிசமாவது கிளினிக்கில இருங்கோ. பென்டாக் காய்ச்சல் அண்டைக்கே வரும், எம்.எம்.ஆர். காய்ச்சல் 5 தொடக்கம் 12 நாளுக்குள்ள வரும், அதை வேற நோயெண்டு குழம்பாதேங்கோ. பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. 6 கிலோப் பிள்ளைக்கு 90 மில்லிகிராம். 5 மில்லியில 120 மில்லிகிராம் உள்ள பாணியெண்டால் 3.75 மில்லி. போத்தல் லேபிளைப் பாருங்கோ, கரண்டியால அளக்காதேங்கோ. பிறந்த உடன காசநோய்க்கு எதிராப் போடுற பி.சி.ஜி. ஊசி இடத்தில சில கிழமையில கட்டி வந்து புண்ணாகி ஆறும். எண்ணெயோ மஞ்சளோ பூசாதேங்கோ. 6 மாசமாகியும் தழும்பு இல்லையெண்டால் கிளினிக்கில காட்டுங்கோ.