வெள்ள ராத்திரி: உங்கள் வீட்டில் யார் யாரைத் தூக்கினார்கள்?

பினாங்கு, ஜாலான் பி. ரம்லி பக்கம்:
எங்கள் பக்கம் பள்ளம். மழையும் கடல் பெருக்கும் சேர்ந்து வந்தால் சுங்கை பினாங் ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் லோங்காங் (சாக்கடை) வழியாக வீட்டுக்குள் ஏறும். அதனால் ஃபிரிட்ஜ் எப்போதும் செங்கல் மேல்தான். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரியும் "முட்டி வரைக்கும்தானே" என்று இருந்துவிட்டோம். நடுராத்திரி தாண்டியதும் ஃபிரிட்ஜ் மிதந்தது. உள்ளே பாட்டியின் இன்சுலின்!

மெயின் சுவிட்சை அம்மாதான் அணைத்தார். எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, பக்கத்து மாடி வீட்டு மாக்சிக்கிடம் (மலாய்க்கார ஆன்ட்டி) சேர்த்தோம். விடிகாலை 3 மணிவாக்கில் முதலமைச்சர் ராணுவத்தை உதவிக்கு அழைத்தது மறுநாள்தான் தெரியும். அந்த வெள்ளத்தில் 7 பேர் இறந்துபோனார்கள்.

இப்போது இன்சுலின் மட்டும்தான் ஃபிரிட்ஜில். மாத்திரை, ஐசி (அடையாள அட்டை), மருந்துச் சீட்டு எல்லாம் ஜிப் பையில், கதவோரம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கோலாலம்பூர், கிராப் (வாடகைக் கார்) ஓட்டுநர்:
அக்கா, இங்கே 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் (வெள்ள வடிகாலும் சாலையும் சேர்ந்தது) 9.7 கிலோமீட்டர். மழை முற்றினால் கார்களை வெளியேற்றிவிட்டு, நாம் ஓடும் சாலைக்குள்ளேயே வெள்ளத்தை விடுவார்கள். மூடிவிட்டார்களே என்று புலம்பும் பயணிகளிடம் இதைத்தான் சொல்வேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

ஆனால் சுரங்கம் காப்பது நகர நடுவை. 2021 டிசம்பர் 18 மழையில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் என் தங்கச்சி குடும்பம் மாடியில் மாட்டிக்கொண்டது. கடைசியில் படகோடு வந்தவர்கள் யாரோ முகம் தெரியாத பையன்கள். காசு கொடுத்தும் வாங்கவில்லை.

செந்தூல், பிளாட் குடியிருப்பாளர்:
எச்சரிக்கை போனில் மலாயில் வருகிறது. என் தாத்தாவுக்கு மின்னல் எஃப்எம் தமிழ் வானொலிதான் உலகம். அதனால் எங்கள் பிளாட்டில் ஒரு தாள் ஒட்டினோம்: கீழ்வீட்டில் நடக்க முடியாதவர் யார், எந்த இரண்டு பேர் தூக்க வேண்டும் என்று. எழுதி முடித்த பிறகுதான் ஒருவர் கேட்டார், பின்பக்க அறையில் இருக்கும் வங்காளதேசத் தம்பிகள் எங்கே என்று. யாருக்கும் அவர்கள் நினைவே வரவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. இப்போது தூக்குகிறவர்கள் பட்டியலிலும் அவர்களில் இருவர் இருக்கிறார்கள்.

பினாங்கு, ஜாலான் பி. ரம்லி பக்கம்:
தம்பி, அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள். பெயர், வீட்டு எண்ணை மறைத்துவிட்டு. எங்கள் லோரோங்கில் (சந்தில்) படுக்கையில் கிடப்பவர்கள் மூன்று பேர். மாக்சிக்குக்கும் இப்போது முட்டி வலி, படி ஏற முடிவதில்லை.