மறு: 'நக்லிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். முதிய நாய்களைப் பராமரிப்பவர்களுக்கான கையேட்டில் 'நக்லிங்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. நடக்கும்போது பாதம் மடங்கி, அதன் மேற்புறம் தரையில் படுவதுதான் பொருள். அப்படியே எழுதினால் நாய் எதையோ நக்குவதாகப் படிக்கிறார்கள். 'கால் மடங்கல்' போதுமா?

—

போதாது ஐயா. 'கால் மடங்கிடுச்சு' என்றால் சுளுக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். மூட்டு வலியும் நரம்புக் கோளாறும் பிரிகிற இடமே இதுதான். இடுப்பு மூட்டு தேய்ந்த நாய் நொண்டும், எழுந்திருக்கத் திணறும். ஆனால் பாதத்தைச் சரியாகவே வைக்கும். பாதம் எப்படி இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போகாத நாய்தான் அதைத் திருப்பி வைத்துவிட்டு அப்படியே நிற்கும்.

தண்டுவடச் சிதைவு நோயில் இது வலியில்லாமல், மெல்ல வரும். ஜெர்மன் ஷெப்பர்டு, பாக்சர், கார்கி இனங்களில் பெரும்பாலும் 8 வயதுக்கு மேல். எஸ்ஓடி1 மரபணு மாற்றத்தோடு இதற்குள்ள தொடர்பு 2009இல் வெளியானது. டாஷண்ட் போன்ற குட்டைக்கால் நாய்க்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கினால் கதை வேறு: வலியோடு, சில மணி நேரத்திலேயே கால் விழுந்துவிடலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். வழுக்காத தரையில் நாயை நிற்க வைத்து, வயிற்றுக்கடியில் கை கொடுத்து எடையைத் தாங்குங்கள். ஒரு பாதத்தை மடக்கி மேற்புறம் தரையில் படும்படி வைத்துவிட்டு, பாதத்தைப் பிடித்த கையை மட்டும் எடுங்கள். நரம்பு நன்றாக இருந்தால் உடனே திருப்பிக்கொள்ளும். எடையைத் தாங்காமல் செய்தால், மூட்டு வலியுள்ள நாயும் தாமதிக்கும், முடிவு தப்பாகும்.

கையின் மேற்புறம் புறங்கை. பாதத்தின் மேற்புறம் புறங்கால். ஆகவே 'புறங்காலூன்றல்'.

—

சொல் நன்றாக இருக்கிறது டாக்டர். ஆனால் 'புறங்கால்' என்றதும் பலர் பின்னங்கால் என்று நினைப்பார்களே? வண்டியில் அடிபட்டு முன்னங்கால் நரம்பு சேதமான நாயும் இப்படித்தான் வைக்கிறது. 'பாதப் புரட்டு' என்றால் இந்தக் குழப்பம் வராது.

—

'புரட்டு' என்றால் நாய் ஏதோ ஏமாற்றுகிறது போலிருக்கிறது! நாய்களுக்குக் காலணி தைப்பவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: எந்தப் பக்கம் தரையில் படுகிறது என்று சொல்லும் பெயர்தான் எங்களுக்கு உதவும். இந்த நாய்களுக்கு நடுவிரல் இரண்டின் நகங்களும் மேற்புறமாகத் தேயும், பிறகு தோல் உரிந்து ரத்தம் வரும். அடியில் மட்டும் ரப்பர் வைத்த காலணி சிமென்ட் தரையில் சீக்கிரமே விரல்முனையில் கிழிந்துவிடும். ரப்பர் விரல்களின் மேலேயும் ஏறி வர வேண்டும். 'புறங்கால் மூடிய காலணி' என்று கேட்டால் கடைக்காரருக்கும் புரியும்.

காலணியின் மூக்கிலிருந்து கணுக்காலுக்கு மேல் கட்டும் எலாஸ்டிக் பட்டை பாதத்தைத் தூக்கி வைக்க உதவும். முதலில் 10 நிமிடம் போதும். கழற்றியதும் விரல்கள் வீங்கியோ சில்லென்றோ இருந்தால் பட்டை இறுக்கம். படுக்கும்போது காலணியே வேண்டாம். ஈரம் தங்கிப் புண்ணாகும்.

—

ஏற்கிறேன். தலைச்சொல் 'புறங்காலூன்றல்', விளக்கத்தில் 'முன்னங்காலிலோ பின்னங்காலிலோ' என்று சேர்த்துவிட்டால் ஐயம் தீரும். 'பாதத்தைத் திருப்பி ஊன்றுதல்' என்று பேச்சு வடிவமும் இருக்கட்டும். அடுத்தது 'ஸ்லிங்': வயிற்றுக்கடியில் துணி கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்குவது. 'தூளி' என்றே வைக்கலாமா?

—

தூளி சரி, 'தாங்குதூளி' இன்னும் தெளிவு. விளக்கத்தில் இரண்டு செய்திகள் கட்டாயம் வேண்டும். முதுகு தரைக்கு இணையாக வரும் வரைதான் தூக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எடை முழுக்க முன்னங்கால்களில் இறங்கும், பின்பாதம் தரையைத் தொடாததால் நடைப்பயிற்சியும் கிடைக்காது. ஆண் நாய்க்கு வயிற்றுக்குக் குறுக்கே போகும் துண்டு சிறுநீர் போகும் இடத்தை அழுத்தும். அதற்குத் தொடை இரண்டையும் தனித்தனியே சுற்றும் வகைதான் ஏற்றது. அதைத் 'தொடைத்தூளி' என்று தனிப் பதிவாகவே போட்டுவிடுங்கள்.