ஆசியக் கரைநண்டை நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

கென்ட்டிலிருந்து:

போன கோடையில் ஹெர்ன் பே பக்கம் பார்த்த ஒரு நண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். கற்களைப் புரட்டினால் எப்போதும் ஓடுவது பச்சைக் கரைநண்டுதான். ஒரு கல்லுக்கு அடியில் மட்டும் வேறு மாதிரி ஒன்று இருந்தது. ஓடு கிட்டத்தட்டச் சதுரம், கால்களில் அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறி மாறிப் பட்டைகள், கொடுக்குகளில் சிவப்புப் புள்ளிகள். கண்ணுக்குப் பின்னால் ஓட்டின் ஓரத்தை எண்ணினேன். பக்கத்துக்கு மூன்று முள். பச்சைக் கரைநண்டுக்கு அங்கே ஐந்து இருக்கும்.

ஹெமிகிராப்சஸ் சாங்குயினியஸ், அதாவது ஆசியக் கரைநண்டு! ரஷ்யாவின் சகலின் தீவிலிருந்து ஜப்பான், கொரியா, ஹாங்காங் வரை உள்ள கரைகள்தான் அதன் சொந்த இடம். பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவானது 2014-ல். தெற்கு வேல்ஸில் கிளமோர்கன், இங்கே கென்ட் என்று இரண்டு இடங்களில். ஒரு கையளவு கூட இல்லாத உயிர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று நெஞ்சு படபடத்தது உண்மை. அதோடு கவலையும் வந்தது. கல் இருந்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு, படத்தோடு ஐரெக்கார்டில், அதாவது பார்த்த உயிர்களைப் பதியும் பிரிட்டன் இணையதளத்தில், ஏற்றினேன். கல்லைப் பழையபடியே திருப்பி வைத்தேன். அடியில் ஒட்டியிருக்கும் மற்ற உயிர்களுக்கு அதுதான் வீடு.

வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நியூ ஜெர்சியிலிருந்து:

அக்கா, நீங்கள் ஒன்றைப் பார்த்துப் படபடத்தீர்கள். இங்கே கல்லைத் தூக்கினால் கூட்டமாகச் சிதறி ஓடும். அமெரிக்காவில் இந்த நண்டு முதலில் தென்பட்டதே எங்கள் மாநிலத்தில்தான், 1988-ல், கேப் மே பக்கம் டவுன்சென்ட்ஸ் இன்லெட்டில். கப்பல்கள் சமநிலைக்காக அடியில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீரில் குஞ்சுகளாக வந்திருக்கும் என்றுதான் கருதுகிறார்கள். இப்போது வடக்கே மெய்ன் வரை, தெற்கே வட கரோலினா வரை பரவிவிட்டது. சில பாறைக் கரைகளில் சதுர மீட்டருக்கு நூற்றுக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள்.

சினை நண்டு ஒரு தடவைக்கு 50,000 முட்டை வரை சுமக்கும். ஒரு பருவத்தில் பல தடவை. பொரிந்த குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து போகும். அதனால் ஒரு கரையோடு இது நிற்காது. சிறு சிப்பிகளைத் தின்னும், பாசியையும் விடாது. உங்கள் பச்சைக் கரைநண்டும் இங்கே வந்தேறிதான், 1817-லேயே பதிவாகியிருக்கிறது. கல்லடியில் இருந்த அந்தப் பழைய வந்தேறியைப் பல இடங்களில் இந்தப் புதியது வெளியேற்றிவிட்டது. சின்னப் பச்சை நண்டு ஒன்றைப் பார்த்தாலே இப்போது நான் நின்று பார்க்கிறேன்.

நோர்மண்டியிலிருந்து:

பிரான்சில் இந்தப் பக்கம் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் 1999-லேயே வந்துவிட்டது. அதே ஆண்டு நெதர்லாந்திலும். துறைமுகச் சுவருக்குக் கீழே உள்ள கற்களில் நானும் பார்த்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. மூன்று முள் மட்டும் போதாது. ஹெமிகிராப்சஸ் தகனோய் என்று இதன் உறவுக்கார நண்டு ஒன்றும் ஐரோப்பாவில் இருக்கிறது, அதற்கும் மூன்று முள்தான். ஆண் நண்டின் கொடுக்கைப் பாருங்கள். இரு விரல்களும் சேரும் இடத்தில் சதைப்பற்றான சிறு குமிழ் இருந்தால் சாங்குயினியஸ். ரோமக் குஞ்சம் இருந்தால் தகனோய். பெண் நண்டில் இரண்டுமே இருக்காது. அப்போது புள்ளிகளையும் மற்ற நுணுக்கங்களையும் தெரிந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கென்ட்டிலிருந்து:

நல்லவேளை தம்பி, முன்னாலிருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், குமிழ் தெளிவாகத் தெரிகிறது. ஆண்தான். அதையும் பதிவோடு சேர்த்துவிட்டேன்.

சசெக்ஸ், எசெக்ஸ் பக்கம் இருப்பவர்கள் அடுத்த வற்றத்தில் கொஞ்சம் கற்களைப் பாருங்கள். நண்டு கிடைத்தால் மேலிருந்து ஒரு படம், கொடுக்குக்கு நேராக ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். அப்புறம், பிடித்ததை வேறு கரைக்குக் கொண்டுபோக வேண்டாம்.