தங்கச்சிக்குக் காலேஜ் ஹாஸ்டலா, வெளியே பிஜியா? கிண்டி பக்கம் தங்கிப் படித்தவர்கள் சொல்லுங்கள்

கோவில்பட்டிக்காரன்:
தங்கச்சிக்குக் கவுன்சலிங்கில் கிண்டி பக்கம் ஒரு காலேஜ் கிடைத்திருக்கிறது. வீட்டை விட்டுத் தங்குவது இதுதான் முதல் தடவை. காலேஜ் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு நாலு பேர், ஆறரைக்கு மேல் வெளியே விட மாட்டார்கள், மெஸ் சாப்பாடு சுமார்தான் என்று சீனியர் பிள்ளைகள் சொன்னதால் அவள் வேளச்சேரியில் ஒரு லேடீஸ் பிஜியை (பேயிங் கெஸ்ட், அதாவது தனியார் தங்கும் விடுதி) பார்த்து வைத்திருக்கிறாள். த்ரீ ஷேரிங், சாப்பாட்டோடு மாதம் 8,500, இரண்டு மாத அட்வான்ஸ். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இடம் பிடித்து வைக்க இந்த வாரமே பாதிப் பணத்தை ஜிபேயில் போடச் சொல்கிறார்கள். அப்பா ஹாஸ்டல்தான் என்கிறார். என்ன செய்யலாம்?

பரங்கிமலை அக்கா:
தம்பி, நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் போடாதீங்க. அந்தப் படம் அதே கட்டடத்தில் எடுத்ததுதானா என்பதே தெரியாது. போகும்போது தங்கச்சியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்குப் போங்க, சாப்பாடு போடுகிற நேரம். ஓனர் சுற்றிக் காட்டுவது இருக்கட்டும், அம்மா மட்டும் உள்ளே போய்த் தங்கியிருக்கிற பிள்ளைகளிடம் பேசட்டும். காலையில் எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம், மே மாதத்தில் தண்ணீர் லாரி ஒழுங்காக வந்ததா, காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப் போவார்கள், பீரோவுக்குத் தனிப் பூட்டு உண்டா, இதையெல்லாம் அவர்கள்தான் உள்ளபடி சொல்வார்கள். நான் இருந்த ஒரு பிஜியில் (பெயர் வேண்டாம்) முதல் வாரம் மூன்று வகைப் பொரியல், அடுத்த மாதத்திலிருந்து தினமும் தண்ணியான சாம்பாரும் அப்பளமும்தான்.

அப்புறம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல் வரைக்கும் இருட்டில் ஒரு தடவை நடந்து பாருங்க. தெருவிளக்கு எரிகிறதா, கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

அடையாறுக்கரை:
வேளச்சேரி என்றால் எந்தத் தெரு என்று கேளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, கரண்ட் இல்லாமல் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தரைத்தளம் கண்டிப்பாக வேண்டாம். இன்னொன்று, வேளச்சேரி பறக்கும் ரயில் தரமணி, கோட்டூர்புரம் வழியாகக் கடற்கரைக்குப் போகிறது, அது கிண்டி ஸ்டேஷனைத் தொடாது. பஸ்தான் கதி, காலை நேர நெரிசல் தெரிந்ததுதான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது ஒரு லாபம். வெளியேதான் தங்க வேண்டுமென்றால் சைதாப்பேட்டை, சின்னமலை பக்கம் தேடுங்கள், மெட்ரோவில் கிண்டி ஓரிரு ஸ்டேஷன்தான்.

ரசீது முக்கியம்:
தமிழ்நாட்டில் 2014 சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். அட்வான்ஸுக்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். காலி செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கட்டும். பல இடங்களில் மெயின்டனன்ஸ் என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்கிறார்கள். ஜிஎஸ்டி தனி என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் 2024 ஜூலை முதல் அந்த வரி இல்லை.

கோவில்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றி. வாடகையைக் குறைக்க வேறு வழி உண்டா? தோழி விடுதி என்று ஒன்று சொல்கிறார்களே?

ரசீது முக்கியம்:
தோழி வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகளைப் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு இரண்டும் இலவசம், ஆனால் குடும்ப வருமான வரம்பு உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள், அட்மிஷன் நேரத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.

பரங்கிமலை அக்கா:
என்னைக் கேட்டால் முதல் வருஷம் காலேஜ் ஹாஸ்டல்தான். நாலு பேர் அறை நெருக்கடிதான், ஆனால் நாலு பேரும் அதே காலேஜ் பிள்ளைகள், நோட்ஸ் கேட்கவும் ராத்திரி அழுகை வந்தால் பேசவும் ஆள் இருக்கும். பிஜியில் பெரும்பாலும் ஐடியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், இவள் படிக்க உட்காரும்போது அவர்கள் தூங்குவார்கள். இரண்டாம் வருஷம் ஊரும் ஆட்களும் பழகியபின் நாலு தோழிகள் சேர்ந்து வெளியே போகட்டும். ஆறரை மணி கட்டுப்பாடு எனக்கும் பிடிக்காது, பையன்கள் ஹாஸ்டலில் அப்படி அடைப்பதில்லை, அதைக் காலேஜில் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதற்காக முன்பின் தெரியாத இடத்தில் அட்வான்ஸைப் போட வேண்டாம்.

பிஜி பார்க்கப் போவதானால் சனி ஞாயிறு போகாதீங்க. பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், பாத்ரூமும் மெஸ்ஸும் காலியாகத்தான் தெரியும். செவ்வாய், புதன் போங்க.