மறு: கிரீத்தேசியக் காலத்துக்கு (Cretaceous, டைனோசர்கள் வாழ்ந்த கடைசி நிலவியல் காலம்) தமிழ்ச் சொல்

> கிரீத்தேசியம் என்றே விட்டுவிட்டால் என்ன? தமிழாக்கியே தீரவேண்டுமென்றால் ‘சுண்ணாம்புக் காலம்’.

ஐயா, ‘சுண்ணாம்புக் காலம்’ என்றதும் எனக்கு வெற்றிலைப் பெட்டிதான் கண்ணில் வருகிறது. அது போகட்டும், சுண்ணாம்புக்கல் எல்லாக் காலத்திலும் படிந்திருக்கிறது. 1822இல் பெல்ஜிய நிலவியலாளர் தொமாலியுஸ் தல்வா பெயர் வைத்தபோது மனத்தில் இருந்தது பாரிஸ் படுகையின் சாக், தொட்டால் கையில் ஒட்டும் வெள்ளைப் பாறை. லத்தீனில் கிரேத்தா. நுண்பாசிகளின் சுண்ணத் தகடுகள் கடலடியில் படிந்து படிந்து உண்டானது. கடல் கண்டங்களுக்குள் ஏறிக் கிடந்த வெப்பக் காலம். அதனால்தான் அத்தனை பரப்பில் படிந்திருக்கிறது. ஜெர்மானியர் தம் மொழிச் சொல்லான ‘கிரைட’ என்றே அழைக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் லத்தீனைச் சுமக்கவேண்டும்?

சரி, சாக்குக்கு என்ன சொல்? (இப்படி எழுதினால் கோணிப்பை ஆகிவிடுகிறது, பாருங்கள்.) இலங்கை நண்பர் முன்பு இங்கே சொன்ன ‘வெண்கட்டி’ எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்று கரும்பலகையில் எழுதுவது பெரும்பாலும் ஜிப்சம், வேறு பொருள். போதாக்குறைக்கு, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊரின் களிமண் மேடுகளில் இதே காலத்துப் படிவுக்குள் ஜிப்சமும் பளபளக்கிறது. குழப்பம் இரட்டிப்பாகும். ‘சீமைச்சுண்ணம்’ வேண்டாம், அம்மோனைட்டுகள் (அக்காலக் கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரிகளின் புதைபடிவங்கள்) அரியலூரில் கிடக்க, அந்தக் கடலைச் சீமைக்கு அனுப்புவானேன்?

இன்னொரு யோசனையான ‘பூவெழு காலம்’ அழகுதான், பூக்கும் செடிகள் பரவியது அப்போதுதான். ஆனால் பெயர் பாறையைப் பார்த்து வைத்தது. கவிதைக்கு வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை: வெண்சுண்ணக் காலம். உட்பிரிவுகளுக்கு, காலத்தைச் சொன்னால் முன், பின். பாறை அடுக்கைச் சொன்னால் கீழ், மேல். ‘அரியலூர்த் தொகுதி மேல் வெண்சுண்ணப் படிவு’ என்று தடையில்லாமல் எழுதலாம் (தொகுதி என்றது பாறை அடுக்குகளின் தொகுப்பை, தேர்தல் தொகுதியை அல்ல).

> ‘பின் வெண்சுண்ணக் காலம்’ என்றால் அந்தக் காலம் முடிந்த பிறகு என்றல்லவா படிப்பார்கள்? டைனோசர் அழிவை எழுதும்போது 6.6 கோடி ஆண்டுக் கணக்கு எந்தப் பக்கம் விழும்?

அம்மா, சரியாகப் பிடித்தீர்கள், நான் யோசிக்கவில்லை. ‘பிந்தைய’ என்றாலும் அதே வழுக்கல்தான். சங்கத்துக்குச் சொன்னதுபோல் தலை, கடை என்று வைத்தால்? இங்கே இடை தேவையில்லை, முறைப்படி இரண்டே பிரிவு. தலை வெண்சுண்ணம் சுமார் 14.5 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கியது; டைனோசர்கள் அழிந்தது கடை வெண்சுண்ணத்தின் முடிவில். ஜுராசிக் போன்ற மூன்று பிரிவுள்ள காலங்களுக்கு ‘இடை’ வேண்டும், அவற்றுக்கும் ஒத்துவரும்.