வேலை, வீடு, அல்பம்: கொழும்பில் சேகரிப்பவர்கள் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறோம்?

வெள்ளவத்தை முத்திரை:

கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை, வீடு வெள்ளவத்தையில், இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. இதற்கு நடுவில் முத்திரை சேர்க்க நேரம் எங்கே கிடைக்கிறது என்று கனபேர் கேட்கிறார்கள். கேட்பவர்களில் அரைவாசிப் பேர் தாங்களும் ஒரு காலத்தில் சேர்த்து, பிள்ளை பிறந்ததும் அல்பத்தை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே சொல்லுங்கோ.

என் நேரத்தைத் தீர்மானிப்பது ஃபான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொழும்பில் வெயில் ஏறிவிட்டால் ஃபான் இல்லாமல் ஓர் அறைக்குள் இருக்க ஏலாது, ஃபானைப் போட்டால் மேசையில் பரப்பிய முத்திரை ஒன்றும் இடத்தில் நிற்காது. இரவில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் கண் சொருகும், அந்த வெளிச்சத்தில் நிறபேதமும் சரியாகத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்து மணியை எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் நித்திரை, ரியூசனுக்கு யாரையும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்தால் வெக்கை இல்லை. எட்டு மணிக்கு மீன் வாங்கப் போக வேண்டும், அதற்கு முன் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைத் தள்ளிப்போட முடியாது. உப்புக் காற்றின் ஈரத்தில் பாவிக்காத முத்திரைகளின் பசை இளகி, பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஓரங்களில் மண்ணிறப் புள்ளி விழும். அல்பங்களைத் திறந்து காற்றுக் காட்ட வேண்டும், சிலிக்கா ஜெல் பைகளை மாற்ற வேண்டும், அல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பத்து அல்பம் வைத்திருப்பவருக்கு இதற்கே ஞாயிறு போய்விடும். வேலைக்குப் போகிறவர் எவ்வளவு சேர்க்கலாம் என்பதைக் காசை விட இதுதான் முடிவு செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நான் பரப்பைச் சுருக்கினேன். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வந்த ஆறு பென்ஸ், அதற்குப் பிறகு 1859 இன் நாலு பென்ஸ் 'டல் ரோஸ்' (மங்கிய ரோஜா நிறம்) என்று பெரிய ஆட்கள் கனவு காணும் சாமான்கள் இருக்கின்றன. அவை என் சம்பளத்துக்கு எட்டாது, அவற்றின் பின்னால் அலைய எனக்கு நேரமும் இல்லை. நான் பிடித்துக்கொண்டது 1938 இல் தொடங்கிய ஆறாம் ஜோர்ஜ் காலத்துப் படத் தொடர். மூன்று சதத்தில் சிவனொளிபாதமலை, ஆறு சதத்தில் கொழும்புத் துறைமுகம், ஒரு ரூபாயில் திருகோணமலை. இதில் இரண்டு சத முத்திரை, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் படம் போட்டது, ஓரத்துத் துளைகள் பல அளவுகளில் இருக்க வந்திருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். துளைகளை அளக்கும் கேஜில் வைத்து ஓரத்துப் பற்களை ஒவ்வொன்றாகக் கோட்டோடு பொருத்திப் பார்த்தால்தான் இரண்டு சென்ரிமீற்றருக்குள் துளை பதின்மூன்றரையா பன்னிரண்டா என்று பிடிபடும். சாதாரண வகை மலிவு, ஆனால் ஒரு கட்டு வாங்கினால் மாதக் கணக்கில் வேலை இருக்கும். வேலைக்குப் போகிற மனிதருக்கு இப்படிப்பட்ட சேகரிப்புத்தான் பொருத்தம், காசு குறைவாகவும் கவனம் கூடுதலாகவும் கேட்பது.

இனி நான் சந்தித்த ஒருவரைப் பற்றி. மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, பகல் சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போவேன். பழைய புத்தகங்களோடு சில நேரம் கடிதக் கட்டுகளும் வரும். அங்கே ஓய்வுபெற்ற ரெயில்வே கிளார்க் ஐயா ஒருவர் பழக்கமானார். நான் ஒரு கட்டை எடுத்து, விலை பேசி, ஒபிஸ் பைக்கு அடியில் வைத்து சிப்பை இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் கேட்டார், "தம்பி, மனுசிக்குத் தெரியாமல் வாங்கினால் மனுசிக்கு முன்னால் வைத்துப் பார்க்க ஏலாது. பிறகு எப்ப பார்ப்பீர்?"

இதை நான் கனநாள் யோசித்திருக்கிறேன். ஒளித்து வாங்கிய சாமானுக்கு ஒளித்துத்தான் நேரமும் எடுக்க வேண்டும், அதற்குப் பொய் சொல்ல வேண்டும், ஒபிஸில் வேலை கூட என்று சொல்லிவிட்டு எங்கேயாவது இருந்து பார்க்க வேண்டும். அந்த ஐயா தன் பென்சனில் முத்திரைக்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை மனைவியிடமே கொடுத்து வைத்திருந்தார். எங்கள் வீட்டிலும் இப்போது மாதக் கணக்கில் அதற்கு ஒரு தொகை இருக்கிறது. பள்ளிக் காசு, மின்சாரம், தண்ணீர் எல்லாம் எழுதும் அதே பக்கத்தில் அதையும் எழுதுகிறோம். செலவு கூடின மாதத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான், அது நியாயம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. பிள்ளைகளுக்கு டிவியும் இல்லை, வைஃபையும் இல்லை. சின்னவன் பல்கனி வெளிச்சத்தில் என்னோடு வந்து இருந்து முத்திரை கழற்றப் பழகினான். சூப் கோப்பையில் பச்சைத் தண்ணீர், உறையிலிருந்து வெட்டிய துண்டை முகம் மேலே பார்க்க மிதக்க விட்டு, கால் மணித்தியாலம் கழித்துத் தொட்டால் கடதாசி தானாக வழுக்கி வரும். இழுக்கக் கூடாது. சிவப்பு, ஊதா உறைத் துண்டுகளை வேறாகப் போட வேண்டும், சாயம் இறங்கி மற்றதையும் கெடுக்கும். சாவணத்தால் எடுத்து வெள்ளைக் கடதாசியில் குப்புறப் போட்டுக் காய விடுவது அவன் வேலை. இன்று வரை அதைச் செய்கிறான். பிடிக்காத நாளில் மாட்டேன் என்கிறான், நான் வற்புறுத்துவதில்லை.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

அண்ணா, வாசித்தேன், நல்லாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஞாயிறு விடிய நீங்கள் கேஜோடு இருக்கும்போது ஆறு மணித் தேத்தண்ணியை யார் போடுகிறார்கள்? இதைக் கேட்காமல் சேகரிப்பவர்களின் நேரம் பற்றிப் பேச முடியாது. பெண்கள் இதில் ஏன் குறைவு என்று எப்போதும் கேட்பார்கள். பெண்ணுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் எனக்கு ஓய்வு என்று உலகம் நினைக்கிறது, அதற்குப் பிறகு சமையல், மாமியின் மருந்து, பிள்ளையின் வீட்டுப் பாடம், நாற்பது கொப்பி திருத்தம். இரவு பத்து மணிக்கு முன் ஒரு மேசை எனக்கென்று கிடையாது.

அதனால் மேசையே தேவைப்படாத சேகரிப்பை எடுத்தேன். நான் சேர்ப்பது தபாலகங்களின் திகதிக் குறி, கடிதத்தில் ஊர்ப் பெயரோடும் திகதியோடும் அடிக்கும் அந்த வட்டச் சீல். எந்த ஊருக்குக் குடும்பமாகப் போனாலும் எனக்கு நானே ஒரு கடிதம் போடுவேன். ஊர் சுற்றும் நேரத்தில் பத்து நிமிடம் தபாலகத்துக்கு, அவ்வளவுதான். கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகிற ஊரெல்லாம் எனக்குச் சேகரிப்பு ஆகிறது. என் கணவருக்கும் இதில் தடை சொல்ல ஒன்றுமில்லை, எப்படியும் போகிற பயணம்தானே.

நுவரெலியாவில் 1894 இல் கட்டிய அந்தச் சிவப்புச் செங்கல் தபாலகத்துக்குள் எல்லோரும் படம் எடுக்கப் போவார்கள், நான் கடிதத்தோடு போனேன். கவுண்டரில் இருந்தவர் சிங்களவர், நடுவயது. உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அனுப்புநரும் பெறுநரும் ஒரே ஆளா என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சீலை மைப் பெட்டியில் தட்டி, ஒரு பழைய படிவத்தில் அடித்துப் பார்த்தார். மை கூடிப்போயிருந்தது. துணியால் துடைத்து இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார். பிறகு உறையை மேசையில் சரிசெய்து, முத்திரையின் ஒரு மூலையில் மட்டும் வட்டம் விழுகிற மாதிரி மெதுவாக வைத்து அழுத்தினார். ஊர்ப் பெயரும் திகதியும் ஓர் எழுத்துக்கூடக் கலங்காமல் விழுந்தன. பின்னால் கியூ நின்றது, அவர் அவசரப்படவில்லை. அரசாங்கக் கவுண்டரில் வேலை செய்யும் ஒருவர் என் சின்ன ஆசைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததை நான் மறக்க மாட்டேன்.

2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ஆனது, அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊரிலும் ஒரே ஒரு கடிதம்தான் போடுகிறேன்.

தெகிவளை 100:

சுருக்கமாக என் பங்கு. நான் நாணயம். 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக மத்திய வங்கி விட்ட பத்து ரூபாய்க் குற்றிகள், 2013 என்று பொறித்தது, அவற்றை மகனோடு சேர்த்து மிச்சக் காசிலிருந்தே பொறுக்கினோம். காசு கொடுத்து வாங்குவதில்லை என்பது அவன் போட்ட சட்டம். 100 ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன், கொண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும், மாற்றுக் காசைக் கைநிறையக் காட்டி "பாருங்க மாத்தயா (ஐயா)" என்பார்கள். தனியாக நேரம் எடுக்கவே இல்லை, போகிற வழியில் நடந்த சேகரிப்பு. யாழ்ப்பாணம் சீக்கிரம் கிடைத்தது, மொனராகலைக்குத்தான் கனகாலம் காத்திருந்தோம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மகள்:

நான் சேகரிப்பவள் இல்லை, சேகரித்தவரின் பிள்ளை. மறுபக்கத்தையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் முதல் சேகரிப்பு 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்தது. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார், அம்மா அதைத் தடுக்கவில்லை, தடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நேரே புறக்கோட்டை, செட்டியார் தெரு. காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருப்பார், நாங்கள் உடுத்திக்கொண்டு வாசலில் இருப்போம், ஏழு மணிக்கு வருவார், கையில் ஒரு சின்னப் பொட்டலம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவரில் எனக்கு இருந்த அன்பையும் அது குறைக்கவில்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஒரு தரம் என்னையும் கூட்டிப்போனார். நகைக்கடை ஒன்றில் உருக்குவதற்கு வாங்கி வைத்த பழைய வெள்ளிச் சாமான் ஒரு தட்டில் இருந்தது. உடைந்த கொலுசு, அரைஞாண் துண்டு, நடுவில் நாணயங்கள். அப்பா விரலால் ஒதுக்கி ஒன்றை எடுத்துத் துடைத்தார், 1957 புத்த ஜயந்திக்கு வெளியிட்ட ஐந்து ரூபாய் வெள்ளி. "இன்னும் கொஞ்ச நேரம் பிந்தியிருந்தால் இது கொலுசாகியிருக்கும்" என்றார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், அந்தக் கடைக்காரரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். என்னை ஏன் அதற்கு முன் கூட்டிப்போகவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வெள்ளவத்தை அண்ணா தன் மகனைப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று வாசித்தபோது சந்தோசமாக இருந்தது.

அப்பா போய் இப்போது மூன்று பெட்டி மிச்சம். எந்தக் குறிப்பும் இல்லை. எது எங்கே வாங்கியது, என்ன விலை, எது அசல் எது போலி, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் வைத்திருந்த செப்பு நாணயங்களில் பச்சைப் பசை பிடித்திருக்கிறது. பிவிசி உறையிலிருந்து வருவது என்று பிறகுதான் அறிந்தோம். சேர்க்கிற எல்லோரையும் கெஞ்சிக் கேட்கிறேன், வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிடம் எடுத்து, வீட்டில் ஓர் ஆளுக்கு விளங்கும்படி எழுதி வையுங்கள்.

நானும் அம்மாவும் இப்போது போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறோம். சதுர ஐந்து சதங்கள், பத்துச் சதங்கள் முடிந்துவிட்டன, 1998 பொலிமர் இருநூறு ரூபாய்த் தாள்கள் கட்டாக இருக்கின்றன, அவற்றையும் எண்ணி வைத்தோம். சிக்கியிருப்பது ஒரு சின்ன டப்பா. அதில் தேய்ந்த செப்புக் காசுகள், சிலவற்றில் படுத்த நந்தி மாதிரி ஒன்றும் கீழே 'சேது' என்று வாசிக்கக்கூடிய எழுத்தும் தெரிகிறது. யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விற்கிற எண்ணம் இல்லை. பழைய காசு பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது கொழும்பில் இருந்தால், ஒரு போயா நாளில் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.